கடிதத்தின் கடைசி வரி: இதய நோயோடு ஒரு நீண்ட விமானப் பயணம்

கடிதம் எழுதியவருக்கு வயது 61. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, அன்று இரவே ஆஞ்சியோ செய்து, இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்திருக்கிறார்கள். இன்னொரு குழாயில் 60 சதவீத அடைப்பு இருக்கிறது. அதை மாத்திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். எக்கோ ஸ்கேனில் பம்பிங் 45 சதவீதம். 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. அதற்கு மாத்திரை மட்டும்தான்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இன்னும் ஒன்பது வாரத்தில் முதல் பிரசவம். ஆறு வாரத்தில் இவர் கிளம்ப வேண்டும். 11 மணி நேர விமானம், நடுவில் 3 மணி நேரக் காத்திருப்பு, அப்புறம் இன்னொரு 4 மணி நேர விமானம். போனால் ஆறு மாதம் தங்கல். அங்கே அப்போது கடுங்குளிர்காலம். திரும்பி வருவதற்கு முன் எல்லோருமாக 3,000 மீட்டர் உயரமுள்ள ஒரு மலைக்குப் போய் வரலாம் என்று மருமகன் திட்டம் வைத்திருக்கிறார்.

வீட்டில் எதிர்ப்பு. "பாதி இதயத்தை வைத்துக்கொண்டு ஆகாயத்தில் பறப்பதா? ரயில், கார் என்றால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கூட்டிப் போகிறேன்" என்கிறார் கணவர். மேலே போனால் காற்றழுத்தத்தில் ஸ்டென்ட் நகர்ந்துவிடும் என்று மகனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நடுவானில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதும் மகனின் கவலை. வாசகி என்னிடம் கேட்பவை நான்கு. போகலாமா? மருத்துவச் சான்று வேண்டுமா? அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே, அன்று மட்டும் நீர் மாத்திரையை விட்டுவிடலாமா? காப்பீடு எடுக்கும்போது மாரடைப்பைச் சொன்னால் தொகை கூடும், சொல்லாமல் விடு என்கிறார் ஒரு உறவினர், அது சரியா?

இவ்வளவையும் எழுதி முடித்து, கையெழுத்தும் போட்ட பிறகு, கீழே ஒரு வரி: "மூன்று வாரமாக இரண்டாம் மாடி ஏறும்போது தாடையில் ஓர் இறுக்கம் வருகிறது, நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது. முதலில் பை தூக்கிக்கொண்டு ஏறினால்தான் வந்தது, இப்போது வெறுங்கையோடு ஏறினாலும் வருகிறது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, சொன்னால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுவார்கள்."

அம்மா, நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் கணவரும் மகனும் பயப்படுவதெல்லாம் பெரும்பாலும் பயப்பட வேண்டாத விஷயங்கள். பயப்பட வேண்டிய ஒன்றை அவர்களுக்குத் தெரியாமல் நீங்கள் மடித்து வைத்திருக்கிறீர்கள்.

நடக்கும்போதோ படியேறும்போதோ இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் தேவைப்படுகிறது. குழாய் சுருங்கியிருந்தால் அந்தக் கூடுதல் ரத்தம் போய்ச் சேராது. அப்போது வரும் இறுக்கத்தைத்தான் ஆஞ்சைனா என்கிறோம். அது எப்போதும் நெஞ்சின் நடுவில்தான் வரும் என்றில்லை. தாடை, கழுத்து, தோள், இடது கை, மேல்வயிறு என்று எங்கேயும் வரலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இப்படி இடம் மாறி வருவது சகஜம். பல் வலி என்று பல் மருத்துவரிடம் போய்விட்டு என்னிடம் வந்து சேர்ந்தவர்களும் உண்டு.

நின்றவுடன் போய்விடுகிறதே, அப்படியானால் லேசானதுதானே என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பல ஆண்டுகளாக ஒரே மாதிரி, அதே அளவு உழைப்புக்கு மட்டும் வந்து, நின்றால் போகும் ஆஞ்சைனா உள்ளவர்கள் விமானத்தில் போய் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களை நான் தடுப்பதில்லை. உங்களுடையது அந்த வகை இல்லை. இது புதிதாக வந்திருக்கிறது. பையோடு வந்தது, இப்போது வெறுங்கைக்கே வருகிறது. மூன்று வாரத்தில், முன்பைவிடக் குறைந்த உழைப்புக்கே வர ஆரம்பித்திருக்கிறது. இப்படிப் புதிதாகத் தொடங்கி வளரும் வலியை, சோதித்துப் பார்க்கும்வரை நிலையற்றது என்றே நாங்கள் வைத்துக்கொள்வோம். ஸ்டென்ட்டுக்குள் மறுபடி சுருக்கம் விழுந்திருக்கலாம். வைத்துச் சில மாதங்களில் ஒரு சிலருக்கு அப்படி ஆவதுண்டு. அல்லது அந்த 60 சதவீத அடைப்பு இப்போது தன் இருப்பைக் காட்டலாம். இரண்டும் இல்லாமல் ரத்தச் சோகை போன்ற வேறு காரணமாகவும் இருக்கலாம். கடிதத்தைப் படித்து எது என்று சொல்ல முடியாது. ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் டிரெட்மில் அல்லது இதயத்தை உழைக்க வைத்துப் பார்க்கும் வேறு சோதனை, ஒருவேளை இன்னொரு ஆஞ்சியோ. எதை எப்போது செய்வது என்பதை உங்கள் இதய மருத்துவர் முடிவு செய்வார்.

அவரை இந்த வாரமே பாருங்கள். அதுவரை அந்த மாடியை ஏற வேண்டாம். இதற்கிடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அந்த இறுக்கம் வந்தாலோ, 10, 15 நிமிடம் ஆகியும் விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, முன்பதிவு செய்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, அதைப் பார்த்துவிட்டீர்கள், காரணம் தெரிந்து சரியும் செய்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன்.

"பாதி இதயம்" என்பது என்ன?

பம்பிங் 45 சதவீதம் என்றால் இதயத்தில் 55 சதவீதம் செத்துவிட்டது என்று உங்கள் கணவர் நினைக்கிறார். பல வீடுகளில் இதே கணக்குத்தான். இடது அறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதே அந்த எண். நல்ல இதயமும் 100 சதவீதம் தள்ளுவதில்லை; ஏறக்குறைய 55 முதல் 70 வரைதான் தள்ளும். அதனால் உங்கள் 45ஐ நூறோடு ஒப்பிடக் கூடாது, அறுபது சொச்சத்தோடு ஒப்பிட வேண்டும். கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அந்த எக்கோ அறிக்கையைக் கணவரிடமே காட்டுங்கள். ஆசிரியையாக இருந்தவர் நீங்கள், இந்தக் கணக்கை என்னைவிட நன்றாகவே விளக்கிவிடுவீர்கள்.

ஸ்டென்ட் நகர்ந்துவிடும் என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை வைக்கும்போது பலூனை ஏறத்தாழ 10 முதல் 15 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் ஊதித்தான் குழாயின் சுவரோடு பதிக்கிறோம். விமானத்துக்குள் அழுத்தம் மாறுவது அதிகபட்சம் கால் மடங்கு. அப்புறம் சில வாரங்களிலிருந்து குழாயின் உள்தோல் அதன்மேல் வளரத் தொடங்கி அதை மூடிக்கொள்கிறது. விமான நிலையச் சோதனை வாசலும் அதை ஒன்றும் செய்யாது. பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) உள்ளவர்கள் மட்டும் அந்த வாசலில் நின்றுகொண்டிருக்காமல் நடந்து கடந்துவிட வேண்டும், கையால் சோதிக்கும் கருவியைப் பேஸ்மேக்கர் மேல் பிடித்து வைக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு அதுவும் இல்லை.

விமானத்தில் உண்மையிலேயே மாறுவது ஆக்சிஜன். வெளியே எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் வைக்கப்படுகிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ முக்கால் பங்குதான். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கே விரலில் மாட்டும் கருவியில் 98 காட்டியது 93, 94 என்று இறங்கும். இதயம் கொஞ்சம் வேகமாக அடித்து அதை ஈடுகட்டும். ஈடுகட்டும் தெம்பு இதயத்துக்கு இருக்கிறதா என்பதே கேள்வி. அதற்கு எளிய சோதனை தரையிலேயே உண்டு. சமதளத்தில் 100 மீட்டர் சாதாரண வேகத்தில் நடந்து, அப்புறம் ஒரு மாடி ஏறி, இறுக்கமோ கடும் மூச்சிரைப்போ இல்லாமல் இருந்தால் உட்கார்ந்தபடி பறப்பதைப் பெரும்பாலும் இதயம் தாங்கும். (இதை இப்போது நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். மருத்துவர் பார்த்த பிறகு.)

மாரடைப்புக்குப் பின் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதில் பலர் ஆறு மாதம், ஒரு வருடம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பிரிட்டன் இதய மருத்துவர் சங்கம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அடைப்பு நன்றாகத் திறக்கப்பட்டு, சிக்கல் எதுவும் இல்லாத, 65 வயதுக்குக் கீழே உள்ள நோயாளி 3 நாளிலேயே பறக்கலாம் என்றும், பம்பிங் 40க்கு மேல் இருந்து தொந்தரவு இல்லாதவர் 10 நாள் கழித்துப் பறக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பம்பிங் 40க்குக் கீழே இருப்பவர்கள், இதயச் செயலிழப்பு அறிகுறி உள்ளவர்கள், இன்னும் பரிசோதனைக்குக் காத்திருப்பவர்கள் நிலை சீராகும்வரை தள்ளிப்போட வேண்டும். காலண்டர்படி பார்த்தால் நான்கு மாதம் தாண்டிய உங்களுக்குத் தடையே இல்லை. உங்களைத் தடுப்பது கடைசியில் சொன்ன "பரிசோதனைக்குக் காத்திருப்பவர்கள்" என்ற வார்த்தைதான்.

நடுவானில் ஏதாவது ஆனால்?

உங்கள் மகனின் இந்தக் கேள்வி நியாயமானது. 2013இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, ஏறத்தாழ 600 விமானங்களுக்கு ஒன்றில்தான் மருத்துவ உதவி தேவைப்பட்டதாகக் கணக்கிட்டது. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மயக்கம் அல்லது தலைசுற்றல். இதயத் தொந்தரவு என்று பதிவானது நூற்றுக்கு எட்டுக்கும் கீழே. மாரடைப்பு வந்தவர் என்ற முறையில் உங்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், அதை மறைக்கவில்லை. ஆனால் அன்று இதயம் உண்மையில் பாடுபடும் இடம் விமானமே இல்லை என்பது என் எண்ணம். விமான நிலையம்தான். முந்தைய இரவு தூக்கம் இல்லை. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்கிறோம், வரிசையில் நிற்கிறோம், நுழைவாயில் மாறிவிட்டது என்று அறிவித்ததும் அரை கிலோமீட்டர் ஓடுகிறோம். இரண்டு மாடிக்கே தாடை இறுகும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உழைப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே சக்கர நாற்காலி கேளுங்கள். டிக்கெட்டோடு சேர்த்தே, குறைந்தது 48 மணி நேரம் முன்பு கேட்க வேண்டும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் இதற்குப் பணம் வாங்குவதில்லை. கூச்சப்படாதீர்கள். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும்தான் அது என்று யாரும் சட்டம் போடவில்லை. இணைப்பு விமானத்துக்கு 3 மணி நேரம் இருக்கிறது என்பது நல்ல செய்தி. ஒன்றரை மணி நேரம் என்றிருந்தால் வேறு டிக்கெட் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

நெஞ்சிலோ தாடையிலோ இறுக்கம் வந்தால் இருக்கையிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். முதல் வேலை அழைப்பு மணியை அழுத்துவது. "எனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, நெஞ்சுவலி" என்று நேராகச் சொல்லுங்கள். வாயுத் தொல்லை என்று ஆரம்பித்தால் சோடா கொண்டு வருவார்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் தந்திருந்தால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்தபடிதான். அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும், நின்றுகொண்டு போட்டால் விழுந்துவிடுவீர்கள். அந்த மாத்திரை உங்களிடம் இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. மருத்துவரிடம் கேளுங்கள். தந்தால் அதே புட்டியிலேயே வைத்திருங்கள், வெயிலும் வெளிச்சமும் பட்டால் வீரியம் போய்விடும். தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள் என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அதை மறந்துவிடுங்கள். இருமிக்கொண்டிருக்கும் நேரத்தில் மணியை அழுத்தலாம்.

ரயிலும் காரும்

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. காலில் ரத்தம் உறைவது விமானத்துக்கு மட்டும் உரிய நோய் இல்லை. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போகும் எந்தப் பயணத்திலும், காரானாலும் பேருந்தானாலும் ரயிலானாலும், அந்த ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. இரண்டு மடங்கு என்றாலும் மொத்தத்தில் ஆறாயிரம் பேரில் ஒருவர் என்ற அளவுதான், பயந்து நடுங்க வேண்டாம். நெடுஞ்சாலையில் நள்ளிரவில் நெஞ்சு வலித்தால், பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு ஈசிஜி எடுத்துப் பார்க்கத் தெரியுமா என்பதும் யோசிக்க வேண்டியதே. தரையில் இருப்பதாலேயே பயணம் பத்திரமாகிவிடாது.

நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். முழங்கால் வரை வரும் அழுத்தக் காலுறை நல்லது, ஆனால் சர்க்கரை நோய் இருப்பதால் காலின் ரத்த ஓட்டத்தை மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லட்டும். நீங்கள் சாப்பிடும் ஆஸ்பிரினே காலில் உறைவதையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிட வேண்டாம். அது வேறு வேலைக்கு.

நீர் மாத்திரையும் மற்ற மாத்திரைகளும்

நீர் மாத்திரையை விட்டுவிட வேண்டும் என்று நினைக்காத நோயாளியை நான் இன்னும் பார்க்கவில்லை. பயண நாளில் அதை விட்டுவிடுவது, கூடவே தண்ணீரும் குடிக்காமல் இருப்பது. இரண்டுமே தவறு, இரண்டும் எதிரெதிர்த் திசையில் தவறு. மாத்திரையை விட்டால் உடலில் நீர் தேங்கி, குறைந்த ஆக்சிஜனில் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். தண்ணீரை விட்டால், ஏற்கெனவே பாலைவனம்போல் வறண்டிருக்கும் விமானக் காற்றில் ரத்தம் கெட்டிப்பட்டு, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.

வழி இருக்கிறது. உங்களுடையது ஃபுரோசெமைட் வகை என்றால், போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரத்தில் முடித்துக்கொள்ளும். அதனால் விமானம் ஏறுவதற்கு ஆறேழு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளலாம், அல்லது போய் இறங்கிய பிறகு போடலாம். எது உங்களுக்குப் பொருந்தும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நேரத்தை நகர்த்தலாம், மாத்திரையைக் கைவிடக் கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இரண்டு மாத்திரைகள் வேறு ரகம். அவற்றை ஒருநாள்கூடத் தவறவிடக் கூடாது. மாரடைப்புக்குப் பின் பொதுவாக ஒரு வருடம் இரண்டும் சேர்ந்து தொடர வேண்டும். முதல் சில மாதங்களில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. வெளிநாட்டில் பல் பிடுங்க வேண்டி வந்து, நிறுத்தச் சொன்னாலும் உங்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பெட்டி ஒரு விமானத்தில், நீங்கள் ஒரு விமானத்தில் என்று ஆவது அபூர்வமில்லை. அதனால் எல்லா மாத்திரையும் கைப்பையில்தான். முழுவதையும் ஒரே பையில் வைக்காமல், ஒரு வாரத்துக்கானதை வேறொரு பையிலும் வையுங்கள். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். ஆறு மாத மருந்து கொண்டு போவது என்றால், அந்த நாடு எவ்வளவு அனுமதிக்கிறது என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பல நாடுகள் வரம்பு வைத்திருக்கின்றன. மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மூல மருந்தின் பெயரும் இருக்கட்டும், ஊருக்கு ஊர் வணிகப் பெயர் மாறும்.

கடிகாரம் குழப்பும். பயணம் முடியும்வரை வீட்டு நேரப்படியே சாப்பிடுங்கள், இறங்கிய பிறகு அந்த ஊர்க் காலைக்கு மாறிக்கொள்ளுங்கள். தவறிவிட்டது என்று இரண்டாகப் போட வேண்டாம். சர்க்கரை மாத்திரை மட்டும் கடிகாரத்தைப் பார்க்காது, சாப்பாட்டைப் பார்க்கும். தட்டு கைக்கு வந்த பிறகு போடுங்கள். உடம்பு வலிக்கிறது என்று கடையில் கிடைக்கும் ஐபூப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எடுக்காதீர்கள். உங்கள் மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவும், உடலில் நீர் தேக்கமும் வரும்.

இன்னொன்று. பழைய ஈசிஜியின் ஒரு பிரதியைக் கையோடு வைத்திருங்கள். மாரடைப்பு வந்தவர்களின் ஈசிஜி அதற்குப் பிறகு பல சமயம் பழையபடி ஆவதே இல்லை. உங்களைப் புதிதாகப் பார்க்கும் மருத்துவர் அதைப் பார்த்து, இது இன்று வந்ததா அன்று வந்ததா என்று திணறுவார். பழையது பக்கத்தில் இருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆஞ்சியோ அறிக்கை, ஸ்டென்ட் அட்டை, எக்கோ, டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்து மகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.

சான்று, காப்பீடு, அப்புறம் யார் முடிவு செய்வது

சீரான இதய நோயாளி எல்லோரிடமும் விமான நிறுவனம் சான்று கேட்பதில்லை. அண்மையில் மாரடைப்பு அல்லது அறுவை சிகிச்சை, விமானத்தில் ஆக்சிஜன் தேவை, நிலை சீராக இல்லை என்றால் ஒரு மருத்துவப் படிவத்தை உங்கள் மருத்துவர் நிரப்பித் தர வேண்டும். கேட்காவிட்டாலும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. முகம் வெளுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கும் பயணியை ஏற்ற மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அறிகுறியை மறைத்து வாங்கிய சான்றுக்குத் தாளின் மதிப்புதான்.

காப்பீட்டில் உங்கள் உறவினர் சொன்னதைக் கேட்காதீர்கள். சொல்லாமல் விட்டால் கொஞ்சம் பணம் மிச்சமாகும், உண்மைதான். அங்கே ஒரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்தால், காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது பழைய மருத்துவ ஆவணங்களைத்தான். ஸ்டென்ட்டை ஒளித்து வைக்க முடியாது, ஆஞ்சியோவில் தெரிந்துவிடும். மறைத்தது தெரிந்தால் இதயத்துக்கான செலவை மட்டுமல்ல, மொத்தக் காப்பீட்டையே மறுக்கலாம். இருக்கும் நோயையும் ஏற்கும் திட்டமா என்று பாருங்கள். சில திட்டங்களில், பயணத்துக்கு முன் குறிப்பிட்ட காலத்துக்கு நோய் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். மாத்திரை அளவை மாற்றியதைக்கூட நிலை மாறியதாக எடுத்துக்கொள்வார்கள். இப்போது சிகிச்சையில் மாற்றம் வரப்போவதால், அது முடிந்த பிறகு அந்த வரியைப் படித்துப் பார்த்துக் காப்பீடு எடுங்கள். டிக்கெட்டையும் தேதி மாற்றக்கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

யார் முடிவு செய்வது என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. முடிவு உங்களுடையது. ஆபத்தை எடுத்துச் சொல்வது மருத்துவர் வேலை, கவலைப்படுவது குடும்பத்தின் உரிமை, கிளம்புவதா வேண்டாமா என்பது உங்கள் உரிமை. மருத்துவரிடம் தனியாகப் பேச விரும்பினால் பேசலாம், நீங்கள் சொல்லாமல் அவர் யாரிடமும் சொல்லக் கூடாது. ஆனால் முழு உண்மையும் மேசைமேல் இருக்கும்போது எடுக்கும் முடிவுக்குத்தான் அந்த உரிமை முழுதாகப் பொருந்தும்.

போய்ச் சேர்ந்த பிறகு

நீங்கள் போவது ஓய்வுக்கு இல்லை, வேலைக்கு. பிரசவம் பார்க்கப் போகும் அம்மாக்கள் இரவில் மூன்று தடவை எழுந்து, பகலில் சமையலறையில் நின்று, தங்கள் மாத்திரையை மறந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். விமானத்தின் 15 மணி நேரத்தைவிட அந்த முதல் ஆறு வாரம்தான் உங்கள் இதயத்துக்குச் சோதனை. மகளிடமும் மருமகனிடமும் இப்போதே பேசி, எந்த வேலை உங்களுடையது, எது இல்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரவு விழிப்பு உங்களுடையது இல்லை. குளிர்காற்று ரத்தக்குழாயைச் சுருக்கும், ஆகவே வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள், பனி அள்ளும் வேலையைத் தொடவே வேண்டாம். கிளம்புவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள், இதய நோயாளிகளுக்கு அது முக்கியம்.

மலைப் பயணம் இந்தத் தடவை வேண்டாம். 3,000 மீட்டர் என்பது விமானத்துக்குள் இருப்பதைவிட உயரம். விமானத்தில் சில மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள், மலையில் நாள்கணக்கில் தங்கி, நடந்து, தூங்குவீர்கள். மருமகன் வருத்தப்பட்டால், கைக்குழந்தைக்கும் அது ஏற்ற இடமில்லை என்று சொல்லுங்கள். அது பொய்யுமில்லை.

இனி நாள்கணக்கு. பிரசவத்துக்கு ஒன்பது வாரம், கிளம்ப ஆறு வாரம். இந்த வாரம் மருத்துவரைப் பார்த்தால், பரிசோதனைகள் அநேகமாக அடுத்த வாரத்துக்குள் முடிந்துவிடும். மாத்திரை மாற்றினாலே போதும் என்றால், அது வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு மூன்று வாரம் கையில் இருக்கிறது. இன்னொரு ஸ்டென்ட் வேண்டும் என்றாலும், திட்டமிட்டுச் சிக்கலின்றி வைத்ததற்குப் பிறகு இரண்டு நாளிலேயே பறக்கலாம் என்பது அதே வழிகாட்டுதல். உங்கள் மருத்துவர் இரண்டு வாரம் என்று சொன்னாலும் தேதி தப்பாது. இதே விஷயம் விமான நிலையத்தில் வைத்துத் தெரிய வந்திருந்தால் இந்த வாரங்கள் எதுவும் இருந்திருக்காது.

நாளைக் காலை தொலைபேசியில் நேரம் வாங்குங்கள். போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள். கடிதத்தின் கீழே எனக்கு எழுதிய அந்த வரியை, அவர் பக்கத்தில் இருக்கும்போதே மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.